கூலிங் காப்பாற்றிய கரடி

அந்தக் கண்காட்சிக் கூடத்து ஏசிகளை இருபத்திரண்டு வருஷமாகக் கவனித்துவரும் மெக்கானிக்கை எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்காவது தண்ணீர் சொட்டினால் போதும், அந்த மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது.

அன்றைக்குக் கூடம் திறக்க அரை மணி நேரம்தான் இருந்தது. நடுவே நிறுத்தியிருந்த ஆளுயரப் பனிக்கட்டிக் கரடியின் மூக்கு சொட்டிக்கொண்டிருந்தது. கூலிங் அதைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய் நான்கு ஏசிகளையும் முழு வேகத்தில் வைத்தார். சொட்டுவது குறைந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

கரடியைச் செதுக்கிய பெண் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓடி வந்தாள்.

“யாருண்ணே ஏசியை இப்படி வெச்சது? பூமி சூடாகுறதைக் காட்டத்தானே இதைச் செஞ்சேன்? இது உருகணும்ணே!”

“உருகுறதைப் பார்த்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றியாம்மா? என்னால முடியாது.”

ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் கையை நீட்டினாள், அவர் அசையவில்லை.

அப்போது பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. ஏசியின் வெளிப்பெட்டிகள் சூடு கக்கும் அந்தச் சந்தில்தான் பார்வையாளர்கள் வரிசை கட்டி நின்றார்கள். வரிசையிலிருந்து அவர் மனைவி வியர்வை வழிய உள்ளே வந்தாள். கரடியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்க கரடி சௌக்கியமா இருக்கு. வெளிய நாங்கதான் உருகிக்கிட்டு இருக்கோம்.”