கதவடியில் ஓடிய விரல்

சேதராப்பட்டு தொழிற்சாலையில் நான் மேனேஜர் ஆனபோது, மூன்று வருட லீஸில் கார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். லீஸ் கம்பெனிக்காரர் இரண்டு தாள்களோடு வைத்திக்குப்பத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். ஒன்று எல்லாரும் ஓட்டுகிற சாதாரண செடான். மற்றது சொகுசு செடான். மாத வாடகையில் பெரிய வித்தியாசமில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. பேசிக்கொண்டே எங்கள் இரும்பு கேட்டின் அடியில் விரலை ஓட்டி, நுனியைப் பார்த்தார்.

"வண்டிய எங்க நிறுத்துவீங்க சார்?"

"தெருவுலதான். ஏன்?"

"கடல் காத்து சார். திருப்பி எடுக்கும்போது துரு இருந்தா உங்க தலையிலதான் விடியும். பெரிய வண்டிக்குக் கதவு மாத்தறதுக்குள்ள தாவு தீந்துடும். சின்னதையே எடுங்க."

விற்க வந்தவர் சின்னதை எடுக்கச் சொல்வாரா? அதில்தான் இவருக்குக் கமிஷன் அதிகம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பெரியதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருடம் கழித்து வண்டியை எடுத்துப்போக அவரே வந்தார். கதவின் அடியில் விரலை ஓட்டினார். விரல் செம்பழுப்பாக வந்தது. அதை என்னிடம் காட்டாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, படிவத்தில் 'துரு இல்லை' என்று எழுதினார்.

இதற்கு என்ன கேட்கப்போகிறாரோ என்று கேட் வரை பின்னாலேயே போனேன்.

"கெளம்பறேன் சார்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அதன்பின் ஒரு மாதம், வாசல் மணி அடித்தபோதெல்லாம் அவர்தான் என்று நினைத்தேன். அவர் வரவேயில்லை.