எட்டு முழ வால்

லேஅவுட்காரருக்குக் காது இரண்டும் நன்றாகவே கேட்கும். தாளம் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் கை தட்டும்போது இவர் தட்டு தனியாகக் கேட்கும். மனைவி மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை, சிறுவர் பாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது. பதினெட்டு வருஷமாகச் செய்கிறார்.

"பாட்டுன்னா பாதி வரியோட நின்னுபோன உரைநடைதானே?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். படம் நடுவில் வந்தால் எழுத்து ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம்.

மகளுக்கு எட்டு வயது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனவள், அன்று மாலை பையைக் கழற்றாமலே நின்றாள்.

"என்னைப் பாட்டுக் குழுவிலேர்ந்து எடுத்துட்டாங்கப்பா. எல்லாரும் தட்டுறப்போ நான் வேற எடத்துல தட்டுறேனாம். வெள்ளிக்கிழமை மேடையில எனக்கு எடம் இல்லையாம்."

"உங்க காதுதான் அவளுக்கும்," என்றாள் மனைவி. லேஅவுட்காரருக்குச் சுருக்கென்றது. மூக்கைக் கொடுத்திருக்கலாம், முடியைக் கொடுத்திருக்கலாம். போயும் போயும் இதையா கொடுக்க வேண்டும்?

"எதுகையும் தப்புப்பா," என்று மகள் பாட்டுப் புத்தகத்தை விரித்தாள். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு வட்டம் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். ஒரே எழுத்து வர வேண்டிய நான்கு வட்டத்திலும் நான்கு வேறு எழுத்துகள் நின்றன.

எட்டு முழ வாலு
வைத்துப் பட்டம் ஒன்று செய்து
வந்தேன் தட்டுத் தடுமாறி
ஏறி முட்டுது பார் மேகத்தோடு!

பக்கத்தின் வலது ஓரத்தில் பட்டத்தின் வால் நெளிந்து நெளிந்து இறங்கியது. லேஅவுட்காரருக்கு அந்த வாலைத் தெரியும். அதை வளைத்து வைத்தவரே அவர்தான். வாலுக்கு இடம் வேண்டுமென்று சொற்களை அடுத்தடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவரும் அவர்தான். மற்ற பிள்ளைகள் டீச்சர் வாயிலிருந்து பாட்டைக் கற்றார்கள். இவள் ஒருத்திதான் படுக்கையில் கிடந்து அப்பாவின் பக்கத்தை நம்பி, வரி முடிகிற இடத்திலெல்லாம் நிறுத்திப் படித்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பழி காதோடு போய்விடும். புத்தகத்தை மூடி வைக்கக் கையை நீட்டினார்.

"எனக்குப் பாட்டு வராதுப்பா. விட்டுடறேன்," என்றாள் அவள்.

"உன் மேல தப்பில்ல கண்ணு. அப்பாதான் வரியை வெட்டிக் குதறிட்டேன். இந்தப் பக்கம் நான் போட்டது."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். லேஅவுட்காரர் வேறெதுவும் செய்யத் தோன்றாமல் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ஆனால் எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள்தான் தேடினாள்: எட்டு, பட்டம், தட்டு, முட்டுது. நான்கு 'ட்'டுக்கும் வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் வரியின் தலைக்குக் கொண்டுவந்து ஒட்டினாள்.

எட்டு முழ வாலு வைத்துப்
பட்டம் ஒன்று செய்து வந்தேன்
தட்டுத் தடுமாறி ஏறி
முட்டுது பார் மேகத்தோடு!

ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

மறுநாள் அந்தத் தாளோடு டீச்சர் முன்னால் போய் நின்றார். "தப்பு புள்ளை மேல இல்லைங்க, புத்தகத்து மேல. புத்தகத்தைக் கெடுத்தவன் நான்."

டீச்சர் முதல்முறையாகத் தன் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். "எனக்கு மனப்பாடம். அதனால இதைப் பிரிச்சே பார்க்கல," என்று முனகினார். மகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுக் குழுவின் முதல் வரிசையில் நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை மேடையிலிருந்து மகள் கூட்டத்தில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். பாட்டு தொடங்குமுன் அவரைப் பார்த்து இரண்டு கையையும் தட்டுவதுபோல் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

லேஅவுட்காரர் புரிந்துகொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.