டோமியே சானை விட்டுவிட்டுப் போன வண்டி

இசோகாய் மிட்சுவோ தன் கேம்பர் வண்டியைக் கிளப்புவதைப் பார்க்கவே சில பேர் சீக்கிரம் எழுந்திருப்பார்கள். தெற்கே வெயில் கொளுத்தத் தொடங்கியதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் வண்டியிலேயே குடித்தனம் வைத்துக்கொண்டு வடக்கே எங்கள் ஹொக்கைடோ தீவுக்கு ஏறி வருவார்கள். இரவில், கடைகளும் கழிப்பறையும் உள்ள எங்கள் சாலையோர நிலையத்தில் நிறுத்தித் தூங்குவார்கள். காலையில் சாவியைத் திருகுவார்கள், போய்விடுவார்கள். இசோகாய் சான் (மரியாதைக்கு எல்லோரையும் ‘சான்’ போட்டுத்தான் கூப்பிடுவோம்) அப்படிப் போக மாட்டார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி உரக்கச் சொல்வார்.

“டயர், சரி. படி மடக்கியாச்சு, சரி. காஸ் மூடியாச்சு, சரி.”

பிறகு இருக்கையில் ஏறி, தோளுக்கு மேலே விரலை நீட்டிப் பின்னால் தொங்கும் திரையைச் சுட்டுவார்.

“பயணி ஒருவர், உள்ளே. சரி.”

அந்தப் பயணி அவர் மனைவி டோமியே சான். எழுபத்தொரு வயது. திரைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது தூங்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருப்பார்.

தெற்கே கொக்குரா நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் இசோகாய் சான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அம்மாவின் கடையில் கோன் ஐஸ் பிழிகிற ஒருத்திக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை. அட்டையில் பேருந்து நிறுத்தப் பலகை ஒன்று செய்து அவர் வண்டிக்குப் பக்கத்தில் நட்டு வைத்தேன். ‘அடுத்த வண்டி: டோமியே சான் பவுடர் பூசி முடித்ததும்’ என்று எழுதியிருந்தேன். இசோகாய் சான் வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். கையால் அளந்தார்.

“மூணு விரக்கடை தாழ்வா இருக்கு,” என்றார். “மழைக்காலத்துல கண்ணாடி வழியாத் தெரியாது.”

அவ்வளவுதான். உயர்த்தி நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட மனிதரிடம் குறும்பு பண்ணுவதில் என்ன லாபம்.

டோமியே சான் வேறு ரகம். அவர் ஐஸ் வாங்கினால் கோனை முதலில் கடித்துவிட்டு, அடியில் ஒழுகுகிறது, வேறு கொடு என்று சண்டை போடுவார். அந்த வகையில் நாங்கள் சிநேகிதமானோம்.

“முன்னால அவர் பக்கத்துல உக்கார வேண்டியதுதானே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“உக்காந்தா நான் பேசுவேன். பேசினா அவருக்கு ஓடாது. ஓட்டுநரோட பேசக் கூடாதுன்னு பஸ்ல பலகை இருக்கும் பாரு, அந்தப் பலகையோடதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு.”

புதிதாகக் கல்யாணமானபோது, வேலை ஒன்றும் இல்லாமலே அவருடைய பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பேருந்தில் திரும்பி வருவாராம்.

“ஒரு வார்த்தை பேச மாட்டாரா?”

“ஏன், பேசுவாரே. ‘அடுத்த நிறுத்தம், மீன் சந்தை’ம்பார். எனக்காகக் கொஞ்சம் மெதுவாச் சொல்றார்னு நானே நெனச்சுக்குவேன்.”

கடைசி நிறுத்தத்தில் வண்டி வட்டமடித்துத் திரும்பும். அந்த வட்டத்துக்கு அப்பாலும் சாலை போய்க்கொண்டிருந்ததாம், ஒரு மேட்டில் ஏறி மறைந்து. பிறகு மாமியார் வந்து சேர்ந்தார், இரண்டு பையன்கள் பிறந்தார்கள், பேருந்தில் சும்மா ஏறுகிற காலம் முடிந்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த மேடு கண்ணில் நிற்குமாம். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டால், “போய்ப் பாத்தா சாதாரண வயல்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா,” என்பார். “ஆனா வண்டி திரும்பிடுச்சே.”

இசோகாய் சான் ஓய்வு பெற்றதும் பழைய கேம்பர் ஒன்று வாங்கச் சொன்னது டோமியே சான்தான். முதல் மூன்று கோடையும் எங்கள் நிலையம் வரை வந்தார்கள். இங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் நோசாப்பு முனை, அதற்கு மேல் கிழக்கே சாலை கிடையாது, கடல்தான். மூன்று தடவையும் முனைக்குப் போகாமலே திரும்பினார்கள். மூதாதையர் நாளுக்கு வீட்டுக்குப் போய்க் கல்லறையைக் கழுவ வேண்டும், கப்பலுக்குச் சீட்டுப் போட்டாயிற்று, என்று ஏதாவது ஒன்று. நாலாவதாக, போன கோடையில்தான் பையன்கள், கல்லறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போங்கள் என்றார்கள்.

“நாளைக்கு முனை,” என்று முந்தின சாயங்காலம் டோமியே சான் என்னிடம் சொன்னார். “ரோடு தானா முடியற எடத்துல முடியட்டும். நாம திருப்ப வேண்டாம்.”

மறுநாள் காலை நான் கடையின் மடிப்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். இசோகாய் சான் டயரிலிருந்து தொடங்கித் திரை வரைக்கும் சுட்டி முடித்தார். வண்டி கிளம்பியது. பால் லாரி ஒன்றுக்கு வழி விட்டு, ஒழுங்காக விளக்குப் போட்டுத் திரும்பிப் போனது. அது கண்ணை விட்டு மறைந்த பிறகு, கழுத்தில் துண்டோடும் காலில் ரப்பர் செருப்போடும் கழிப்பறைப் பக்கமிருந்து டோமியே சான் வந்தார்.

“வண்டிய எங்க மாத்தி நிறுத்தினார்?”

“அது போயிடுச்சே.”

“நான் போகலயே.”

“அது தெரியுது.”

இரண்டு பேரும் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தோம். டோமியே சான்தான் முதலில் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவருடைய கைபேசி வண்டிக்குள் மின்னூட்டத்தில் கிடந்தது. என் கைபேசியில் இசோகாய் சானைக் கூப்பிட்டோம். அணைத்து வைத்திருந்தார். ஓட்டும்போது அவர் அதைத் தொட மாட்டார். எங்கள் அம்மா சோற்று உருண்டையும் மிசோ சூப்பும் கொண்டுவந்து வைத்து, “வழியில நிறுத்துவார், பாப்பார், வந்துருவார்,” என்றாள்.

அப்போதுதான் டோமியே சானின் சிரிப்பு நின்றது.

“வந்துருவார். வந்ததும் சாவியக் கீழ வெச்சிருவார்.”

“எதுக்கு?”

“வேலைல இருந்தப்ப இன்னொரு ஓட்டுநர், பின்னாடி சீட்டுல தூங்கிட்டிருந்த ஸ்கூல் பையனப் பாக்காம வண்டிய டிப்போல பூட்டிட்டுப் போயிட்டார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து இவர் சோறே தின்னல. நான் அப்படி ஒண்ணு பண்ணினா அன்னைக்கே சாவிய வெச்சிருவேன், அதுக்கப்புறம் தொட மாட்டேன்னார். அவர் சொன்னாச் செய்யற ஆளு. அதான் அவர்கிட்ட இருக்கற வியாதி.”

சோற்று உருண்டையின் உறையை அவர் உரித்து வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. சாலையில் வெள்ளையாக எது வந்தாலும் எழுந்து நின்றார். பால் லாரி, பால் லாரி, யாரோ ஒருவருடைய குளிர்பெட்டி வண்டி. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“ரிக்கா, இந்த ஊர்ல பெரிய போக்கிரி யாரு?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“இதையும் உன் பேர்ல போட்டுக்கயேன். ஐஸ் தர்றேன்னு நீதான் என்னைக் கூப்பிட்டே. படுக்கைல போர்வையச் சுருட்டி ஆள் மாதிரி வெச்சே. அவர் திரையச் சுட்டினப்ப உள்ள ஆள் இருந்த மாதிரிதான் இருந்துச்சு. அவர் தப்பு ஒண்ணும் இல்ல.”

“என் பேருக்கு இன்னும் கெடறதுக்கு எடம் இருக்கா பாத்துச் சொல்றேன்,” என்றேன். எடம் இருந்தது.

வெயில் உச்சிக்கு வரும்போது வண்டி வந்தது. எப்போதும் நிற்கிற கோட்டுக்குள் நேராக நின்றது. இசோகாய் சான் இறங்கினார். கையில் கையுறை இல்லை. நேரே டோமியே சான் எதிரில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடங்கக் குனிந்தார்.

“பயணியை ஏற்றாமல் வண்டியை எடுத்தது என் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.”

பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது. பேருந்தின் ஒலிபெருக்கியில் பேசுகிற மாதிரி இருந்தது. டோமியே சான் என் முதுகில் இடித்தார். நான் முன்னால் போய் நின்று, படித்து வைத்த பொய்யை ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். கடைசியில் தலை குனிந்து மன்னிப்பும் கேட்டேன். நான் உண்மையாகப் பண்ணிய எந்தக் குறும்புக்கும் அவ்வளவு நன்றாக மன்னிப்புக் கேட்டதில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“போர்வை இப்ப எங்க இருக்கு?”

“படுக்கைல.”

“மேல் தட்டுல இருக்கு. அவ மடிச்சு வெச்ச மாதிரியே இருக்கு.” குரலில் கோபம் இல்லை. “நல்ல பொய்தான். நன்றி. ஆனா நீ நெசமாவே போர்வைய வெச்சிருந்தாலும் ஒண்ணுதான், ரிக்கா. நான் பாக்கல. விரல்தான் போச்சு, கண்ணு போகல. எத்தனை நாளா அப்படின்னும் எனக்குத் தெரியல.”

பிறகு டோமியே சான் கேட்டார், மெதுவாக.

“முனை எப்படிங்க இருந்துச்சு?”

“பனிமூட்டம். கடல் சத்தம் மட்டும் கேட்டுது. நீ தூங்கறேன்னு நெனச்சு, நாற்காலி ரெண்டையும் எடுத்துக் கடலப் பாக்கப் போட்டேன். போட்டுட்டுத்தான் உன்னை எழுப்ப வந்தேன். நாற்காலி அங்கயே இருக்கு. மடிக்கத் தோணல.”

சாவியை எடுத்து எங்கள் கடை மேடையில், கோன் அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரயில்ல வீட்டுக்குப் போவோம்.”

டோமியே சான் அழுவார் என்று நினைத்தேன். அவர் விடுவிடுவென்று வண்டிக்குள் ஏறினார். கைப்பையோடு இறங்கி வந்தார். பர்சிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, சாவிக்குப் பக்கத்தில் சத்தம் கேட்க வைத்தார். ஓட்டுநர் உரிமம். தங்க நிறக் கோடு போட்டது. வருடக்கணக்காக ஒரு தப்பும் செய்யாதவர்களுக்குக் கொடுப்பது.

“இது எதுக்கு?” என்றார் இசோகாய் சான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நான் ரொட்டிக் கடை வண்டி ஓட்டினேன், ஞாபகம் இருக்கா? மோஜி ஊர்ச் சந்தெல்லாம் ஓட்டினேன். வீட்டுக்கு ஒரு ஓட்டுநர் போதும்னீங்க. சரின்னேன். இப்ப வீட்ல ஓட்டுநர் யாரும் இல்ல.”

“அதுக்கப்புறம் நீ ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல.”

“அதான் தப்பும் பண்ணல. தங்கம் குடுத்திருக்காங்க பாருங்க.”

ஜப்பானில் இப்படி உரிமத்தை மட்டும் புதுப்பித்துப் பையில் வைத்திருப்பவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். என் அம்மாவின் அக்காவும் ஒருத்தி. யாரும் சாவியைத் தொட்டதில்லை. டோமியே சான் தொட்டார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டாமல் இருக்கையை முன்னால் இழுத்தார். வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்தது, சடாரென்று நின்றது. உள்ளே கெட்டில் உருண்டு விழும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

“இன்னைக்கு இல்ல,” என்றார். “இன்னைக்கு ஓட்டினா யாரையாவது கொன்னுடுவேன். ஆனா விக்க மாட்டேன். ரிக்கா, உங்க உருளைக்கெழங்குக் கொட்டகைல எடம் இருக்குமா?”

அம்மாதான் வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனாள். அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பையோடு ரயிலுக்குப் போனார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு தடவை டோமியே சான் கூப்பிட்டார். கூரையில பனி ஏறியிருக்கா? டயர்ல காத்து இருக்கா? எலி வந்துச்சா? கொக்குராவில் ஓட்டுநர் பள்ளியில், மறந்து போனவர்களுக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டார். சொல்லிக்கொடுப்பவனுக்கு அவருடைய பேரன் வயதுதான் இருக்குமாம், வளைவில் அவர் மூச்சு விடுவதில்லை என்று திட்டுகிறானாம். இசோகாய் சான் தன் உரிமத்தைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் வகுப்பு நாளில் சைக்கிளில் வந்து பள்ளி வேலி ஓரமாக நிற்கிறாராம். அந்த ஐயாவ வீட்டுல விட்டுட்டு வாங்க, எனக்குக் கை உதறுது என்றானாம் அந்தப் பையன்.

“அங்க வயல் தெரியுதா, பனியா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பனிதான் என்பேன். “சரி, பனிதான் இருக்கும்,” என்பார். அதற்கு அப்புறமும் வைக்க மாட்டார். நானும் வைக்க மாட்டேன். சாயங்காலம் நான் போய் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னால் நம்ப வேண்டாம். எலி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போவேன்.

ஏப்ரலில், கொட்டகை வாசலில் இன்னும் இடுப்பளவு பனி கிடந்தபோது, ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.

“நேத்து மலைப் பாதைல ஓட்டினேன், ரிக்கா. மூச்சு விட்டேன்.”

“பாஸா?”

“இன்னும் நாலு வகுப்பு இருக்கு. ஜூன்ல வருவேன்னு நெனக்கறேன். வருவோம்னு. ஒண்ணு பண்றியா? எஞ்சினக் கிளப்பு. கேக்கணும்.”

கொட்டகைக் கதவைப் பனியோடு போராடித் திறந்தேன். கழற்றி வைத்திருந்த பாட்டரிக் கம்பியை மாட்டினேன். முதல் தடவை சாவியைத் திருகியபோது ஒரு இருமல்தான் வந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை வண்டி உடம்பெல்லாம் உதறி ஓட ஆரம்பித்தது. கைபேசியை எஞ்சின் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். பிறகு காதில் வைத்து, “கேக்குதா?” என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தூரத்திலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல, இசோகாய் சானின் குரல்.

“உடனே அணைக்க வேண்டாம்னு சொல்லு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். பாட்டரி பலமில்ல.”

“கேட்டியா, ரிக்கா?”

“கேட்டேன்.”

அவர் வைக்கவில்லை. நான் கைபேசியை அணைக்காமல் ஓட்டுநர் இருக்கை மேல் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பனியை வெட்டப் போனேன்.