விமானத்தை மீறிக் கேட்க வேண்டும்

அன்று நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் மகளின் குரல் தானாக வந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

எங்கள் வீடு இந்தத் தீவு நகரத்தில், லம்பா லைன் என்ற பகுதியில். மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் அரசுப் பள்ளியில்தான் நானும் படித்தேன். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடல் தாண்டியிருக்கும் இந்தியப் பெருநிலத்திலிருந்து, விமானம் வந்தால் ஆசிரியர்கள் சாக்பீஸோடு அப்படியே நிற்பார்கள். சத்தம் அடங்கிய பிறகுதான் மீதி வாக்கியம் வரும்.

விளையாட்டு விழாவில் மட்டும் யாரும் காத்திருப்பதில்லை. விமானம் தாழ்ந்து வரும்போது நான்கு ஹவுஸ் பிள்ளைகளும் எழுந்து கோஷம் போடுவார்கள். எந்த ஹவுஸின் குரல் விமானத்தை மீறிக் கேட்கிறதோ அதற்குத்தான் வெற்றி. கோப்பை ஒன்றும் கிடையாது. ஆனால் வருடம் முழுக்க அந்தப் பெருமையைப் பேசித் தீர்ப்பார்கள். கோஷத்தை எடுத்துக் கொடுப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை. "கோன் ஜீதேகா?" என்று, யார் ஜெயிக்கப்போவது என்று, அந்தப் பிள்ளை இந்தியில் கேட்க வேண்டும். "நீலா ஜீதேகா!" என்று நீல ஹவுஸ் முழுவதும் பதில் சொல்லும். மற்றவர்களுக்கு அவரவர் நிறம்.

நான் படித்த காலம் முழுக்கச் சிவப்பு, இந்தியில் லால். மகளுக்குக் கிடைத்தது நீலம். அதோடு, சீட்டுக் குலுக்கியதில் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்துவிட்டது. வகுப்பில் "ப்ரெஸென்ட் மிஸ்" என்று சொல்வதே பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத பிள்ளை அவள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஐஸ்கிரீமை நிறுத்தினேன். சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதுவே தொண்டையை வறட்டிவிடுமோ என்று பயந்து அதையும் நிறுத்தினேன். மொட்டை மாடியில் நிறுத்திக் கத்தச் சொன்னேன்.

"அவளைவிட நீதான் ஜாஸ்தி கத்துற. பேசாம யூனிஃபார்ம் போட்டு நீயே போயிரு" என்றார் கணவர்.

விழா அன்று காலை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: "அம்மா, நீ வா. ஆனா வாயே தொறக்கக் கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

நீலப் பந்தலில், பெற்றோர் வரிசையில், நீலப் புடவையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மகளுடைய தோழியின் அம்மா, வங்காளி. ரிலே பாதியில் இருக்கும்போது கடல் பக்கத்திலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. ஓடியவர்களைத் தவிர எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மகள் முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். வாய் திறந்தது. குரல் வரவில்லை. மஞ்சள் ஹவுஸ் தொடங்கிவிட்டது, பச்சையும். அவள் கை அப்படியே மேலே நின்றது.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. "கோன் ஜீதேகா?" என்று கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், அதே மூச்சில் பதிலையும் நானே சொல்லிவிட்டேன்:

"லால் ஜீதேகா!"

நீலப் பந்தலே திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பக்கம் சிவப்பு ஹவுஸ் பிள்ளைகள் குதித்துக் கைதட்டினார்கள். "அரே தீதி, ஆப் கிஸ்கி தரஃப் ஹோ?" என்று, நான் யார் பக்கம் என்று கேட்டு, வங்காளி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகளும் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு, நான் அதுவரை கேட்டேயிராத குரலில், என்னைப் பார்த்தே கத்தினாள்:

"கோன் ஜீதேகா?"

"நீலா ஜீதேகா!" என்று பந்தல் அதிர்ந்தது. விமானம் தலைக்கு மேலே போனது, அவள் நிறுத்தவில்லை. அது தரையிறங்கிய பிறகும் நீலம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து கத்தினேன், இந்த முறை சரியான நிறத்தை.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவளுக்குக் குரல் கட்டிவிட்டது. கரகரவென்று, "ப்ராமிஸ் பண்ணிட்டுக் கத்துற. அதுவும் லால்னு!" என்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இப்போது வகுப்பில் அவள் "ப்ரெஸென்ட்" சொன்னால் வராந்தா வரை கேட்கிறதாம். அடுத்த மாதம் காலை அசெம்பிளியில் செய்தி வாசிக்கப் போகிறாள். பெற்றோர் வரலாமாம். "நீ வா, ஆனா வாயே தொறக்கக் கூடாது" என்று மறுபடியும் சொல்லியிருக்கிறாள். அங்கே அவள் தடுமாறினால் நான் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவளே பேசிவிடுவாள் என்பது ஒரு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.