மேடையைப் பார்த்து உட்காரும் பெண்கள்

போடி மெட்டு ரோட்டோரம் இருக்கும் பழைய உள்ளரங்கத்தின் வரலாற்றை நாள் வாரியாக எழுதி வருகிறேன். இறகுப்பந்துப் போட்டிகள், மல்யுத்தம், மெல்லிசைக் கச்சேரிகள் எல்லாவற்றுக்கும் நோட்டீசையோ நுழைவுச்சீட்டையோ வைத்துத் தேதி கண்டுபிடித்துவிட்டேன். கடைசிக் கச்சேரி மட்டும் பிடிபடவில்லை. தேதியும் தொடங்கிய நேரமும் தெரிகின்றன. எப்போது முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் போனவர்கள் சிலரிடம் கேட்டேன். போனது நினைவிருக்கிறது, வீடு திரும்பியது ஒருவருக்கும் நினைவில்லை.

இப்போது அது ஏலக்காய்க் கிட்டங்கி. வெயில் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று சன்னல்களை அடைத்துவிட்டார்கள். வாசல் வெளிச்சம் ஒன்றுதான். என் அக்கா அங்கே காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறாள். அவளுக்குக் கண் மங்கி வருகிறது. வெடித்த காய் இரண்டு முறை கலந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தனியாக இருப்பவளுக்கு அந்தக் கூலிதான் சோறு.

பார்க்கப் போனேன். பெண்கள் எல்லாரும் வாசலுக்கு முதுகைக் காட்டி, வெறும் மேடையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் நிழல் அவரவர் முறத்தில் விழுந்தது.

“திரும்பி உக்காருக்கா. வெளிச்சம் மொறத்துல விழும்ல.”

“உக்காந்து பாத்தேன்டா. முதுகுக்குப் பின்னாடி ஆளு நிக்கிற மாதிரியே இருக்கு. இங்க யாரும் அப்பிடி உக்கார மாட்டாக.”

“நானே நிக்கிறேன், போதுமா?”

அவளை வாசல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பின்னால் மேடை விளிம்பில் நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எனக்கு எதிரே இருந்தார்கள்.

“ஆரம்பிங்கண்ணே, சோலி கெடக்கு” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

“கொரலு எப்பிடின்னு தெரியலையே ஆத்தா” என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

சற்று நேரம் கழித்து, சளி கட்டியிருந்ததால் தொண்டையைச் செருமினேன். எல்லாக் கைகளும் நின்றன. காய் உருளும் சத்தம் மொத்தமாக அடங்கியது. இமைக்காமல் என்னையே பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அரங்கத்தை மூடிய பிறகு பிறந்தவர்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று கடிகாரத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி அக்கா மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு முறத்தின் சத்தம்தான் கேட்டது.

சாயங்காலம் அவள் காயைக் கொட்டிக் கிளறிப் பார்த்தார் முதலாளி. ஒரு வெடிப்புகூட இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

“நாளைக்கும் வந்துருடா” என்றாள் அக்கா. வேறு வழியில்லை, ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றேன்.

“அப்ப நாங்களும் வெரசா வந்துர்றோம்ணே” என்றாள் முன்வரிசைப் பெண். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.