மாறிப்போன தோட்டாப் பை

தேர்தல் வந்தால் கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் எங்களைப் போன்ற காவல்காரர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் வரிசையில் நின்று திரும்ப வாங்க வேண்டும். இந்த முறை நானும், திருநகர் நகைக்கடையில் காவல் நிற்கும் தெரிந்த அண்ணன் ஒருவரும் ஒன்றாகப் போனோம். அரை நாள் வெயிலில் நின்ற அலுப்பில் இருவருமே தோட்டாப் பையைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கோரிப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் அடகுக்கடையில், தோட்டாவைப் போட்டு, அதை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் தள்ளினேன். பாதியில் இறுகி நின்றது. எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில் அளவைக் காட்டும் எண் வேறு. பை மாறியிருந்தது. அண்ணனுடையது பெரிய தோட்டா, என் துப்பாக்கிக்குள் போகாது. என்னுடையது சிறியது, அவர் துப்பாக்கிக்குள் தடையில்லாமல் போய்விடும். அதுதான் ஆபத்து.

போனில் பேச எனக்கு எப்போதும் கூச்சம். ஆனாலும் கூப்பிட்டேன்.

"அண்ணே, தோட்டா போட்டாச்சா?"

"போட்டேன் மாப்ள. வழுவழுன்னு போயிருச்சு."

"அது என்னுதுண்ணே. உங்களுக்குச் சின்னது. சுட்டா தோட்டாவோட பித்தளைக் கூடு கிழிஞ்சு உங்க மூஞ்சிக்குத்தான் வரும். ஆளில்லாத சுவத்துப் பக்கம் திருப்பி வச்சு வெளிய எடுங்க."

போல்ட் திறக்கும் சத்தம் போனில் கேட்டது.

"எடுத்துட்டேன். இன்னைக்கு நம்ம ரெண்டு பேரு கையிலயும் வெறும் கம்புதான். வெளிய சொல்லிறாத."

முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் வரை வெறும் துப்பாக்கியோடு வாசலில் நின்றேன். பிறகு பஸ் ஏறித் திருநகர் போய்ப் பையை மாற்றிக்கொண்டேன். நாள் முழுக்க நின்றவனுக்குத் திரும்பும்போது பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை.