வேப்பமரத்தை வெட்ட உத்தரவு கேட்டேன்

ஆத்தாவை நம்புகிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். போன ஆடி மாதம் எங்கள் நிலம் கையை விட்டுப் போக இருந்தது.

கேரி தீவில் செம்பனை எண்ணெய்த் தோட்ட வேலை முடிந்து, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, பண்டமாரான் ஊரைத் தாண்டி அரசாங்க நிலம் இரண்டு ஏக்கர் கொடுத்தார்கள். சொந்தமாக இல்லை. வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கீரை, வெண்டை போடலாம். மரம் வைக்கக் கூடாது. நான் வைத்தேன். தோட்டத்துக் கோவிலை இடித்தபோது எடுத்து வந்த வேப்பங்கன்று அது. ஆத்தாவைத் தெருவில் விட்டுவர மனம் வரவில்லை. மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டேன். ஆறு வருடத்தில் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

அதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. போன ஆடியில் வந்த நில அலுவலக அதிகாரி நம் தமிழ் ஆள்தான்.

"அக்கா, ரெண்டு வாரத்துல மரத்த எடுத்துருங்க. இல்லன்னா லைசென்ஸ் கிடைக்காது லா. நானும் கும்பிடறவன்தான், என்ன செய்யறது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் அடுத்தவன் மரத்துக்கு உரம் போட்டேன். எனக்கென்று ஒரே ஒரு மரம், அது குற்றம். நிலம் போனால் ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவது? ஆத்தா குடியிருக்கும் மரத்தில் கத்தி வைத்தால் சும்மா விடுவாளா? கிள்ளான் டவுனில் மாரியம்மன் சந்நிதியில் விழுந்து அழுதேன். நீயே சொல்லு தாயே என்றேன்.

பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டு காகிதப் பொட்டலத்தையும் கட்டியவர் என் வீட்டுக்காரர். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. மறுநாள் காலை நானே வெட்டினேன்.

துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் மற்றப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். அதுவும் வெள்ளை.

"சிவப்பு வந்திருந்தா நாம எங்கடி போறது?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஆத்தாவோடும் பேசவில்லை. பிறகு யோசித்தேன். வெள்ளையே வரட்டும் என்றுதான் நானும் மனதுக்குள் கெஞ்சியிருந்தேன். அவளுக்குத் தெரியாதா? தெரிந்தே தன் மரத்தைக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினாள். லைசென்ஸ் வந்தது. ஒரே ஒரு வருடத்துக்கு.

அன்றிலிருந்து அவளிடம் எதையும் ஒளித்துக் கேட்பதில்லை. நீங்களும் நேராகக் கேளுங்கள், கொடுப்பாள். எந்தக் காகிதத்தையும் நம்பாதீர்கள்.

அடிக்கட்டையில் இப்போது துளிர் விட்டிருக்கிறது. அதிகாரி அடுத்த முறை பார்க்க வருவதற்குள் கிள்ளிவிடுவேன். அவள் கோபிக்க மாட்டாள். அவளுக்கும் இங்கே பட்டா இல்லை.